முப்பத்தெட்டு பேருக்கும் ஒரே காணொளியா? இலவச இணையப் பாடங்களைப் பிள்ளைக்கு ஏற்றபடி பயன்படுத்துவது எப்படி?

எண்சுவடி (அரசு உயர்நிலைப் பள்ளி ஆசிரியை, தென்காசி மாவட்டம்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குக் கணிதம் எடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் 38 பிள்ளைகள். நான்கைந்து பேர் நான் பாதி சொல்லும்போதே மீதியை முடித்து நோட்டை மூடிவிடுகிறார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் பின்னக் கூட்டலிலேயே தடுமாறுகிறார்கள். மற்றவர்கள் இவ்விரண்டுக்கும் நடுவில் ஆளுக்கோர் இடத்தில் நிற்கிறார்கள். நாற்பது நிமிடப் பாடவேளையை யாருடைய வேகத்துக்கு நடத்துவது என்ற கேள்வியோடுதான் ஒவ்வொரு நாளும் வகுப்புக்குள் நுழைகிறேன்.

இணையத்தில் இலவசக் காணொளிப் பாடங்கள் நிறைய இருப்பதால், சென்ற மாதம் சமன்பாடுகளைப் பற்றிய 22 நிமிடக் காணொளி ஒன்றைப் புரொஜெக்டரில் முழு வகுப்புக்கும் போட்டுக் காட்டினேன். தெளிவான தமிழில் நன்றாக விளக்கப்பட்ட பாடம்தான். பிள்ளைகளும் அமைதியாகப் பார்த்தார்கள். ஆனால் மறுநாள் வைத்த சிறு தேர்வில், முன்பே தெரிந்தவர்கள் எழுதினார்கள். தெரியாதவர்கள் தெரியாதவர்களாகவே இருந்தார்கள். நான் கரும்பலகையில் எழுதியதைத் திரையில் வேறொருவர் எழுதினார் என்பதைத் தவிர வேறு மாற்றமில்லை.

அந்தத் தேர்வில் ஒரு மாணவியின் தாள் இன்னும் என் கண்முன் நிற்கிறது. x/3 + x/4 = 7 என்ற கணக்குக்கு அவள் 2x/7 = 7 என்று எழுதி, அடுத்து 2x = 49 என்று எழுதி, x = 24.5 என்று கட்டமிட்டு அடிக்கோடும் போட்டிருந்தாள். சரியான விடை 12. தவறு என்று சிவப்பு மையால் சுழிப்பது எனக்கு ஒரு நொடி வேலை. ஆனால் இணையத்தில் கொட்டிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான காணொளிகளில் இவளுக்கு எதைத் தருவது என்பது எனக்குத் தெரியவில்லை.

எங்கள் பள்ளியின் உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் இயங்கும் நிலையில் உள்ள கணினிகள் பதினொன்று. ஏறத்தாழப் பாதி வீடுகளில் திறன்பேசி இருக்கிறது. இந்த வசதியை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பிள்ளைக்கும் அதனதன் நிலைக்கு ஏற்ற பாடம் போய்ச் சேரும்படி செய்ய முடியுமா? செய்து பார்த்தவர்கள் இருந்தால் விரிவாக எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கரும்பலகை (ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவர், தஞ்சாவூர்):

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். தாங்கள் எழுதியதிலேயே விடை பாதி இருக்கிறது. அந்த மாணவியின் தாளை மறுபடி எடுத்துப் பாருங்கள். 2x/7 = 7 என்ற வரிக்குப் பிறகு அவள் செய்தது எல்லாமே சரி. ஏழை அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் பெருக்கினாள், இரண்டால் வகுத்தாள், தசமத்தையும் பிழையில்லாமல் எழுதினாள். ஆக, அவளுக்குச் சமன்பாடு தெரியும். வெவ்வேறு பகுதிகள் கொண்ட இரண்டு பின்னங்களைக் கூட்டுவதுதான் தெரியவில்லை. மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிவிடுகிறாள். அவளைச் சமன்பாட்டுப் பாடத்தின் முன் 22 நிமிடம் உட்கார வைத்தது, முழங்கால் வலியோடு வந்தவருக்குக் கண் மருந்து ஊற்றியதைப் போன்றது. மருந்தில் குறையில்லை, வலி இருந்த இடம் வேறு.

இலவச இணையப் பாடங்களுக்காக இன்று பலரும் அறிந்த கான் அகாடமியின் தொடக்கத்தில் இதே கதைதான் இருக்கிறது. 2004ஆம் ஆண்டு பாஸ்டனில் வேலை பார்த்துக்கொண்டிருந்த சல்மான் கான், தொலைவில் நியூ ஆர்லியன்ஸில் இருந்த உறவுக்காரச் சிறுமிக்குத் தொலைபேசி வழியாகவும் இணையம் வழியாகவும் கணிதம் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். அவள் கணிதத்தில் மந்தமானவள் அல்லள். அலகு மாற்றம் என்ற ஒரே இடத்தில் தடுக்கி விழுந்ததால், தேர்ந்த மாணவர்களுக்கான கணிதப் பிரிவு அவளுக்குக் கைநழுவ இருந்தது. அந்த ஓர் இடம் சரியானதும் மற்றவை தாமாக நகர்ந்தன. பிறகு மற்ற உறவுப் பிள்ளைகளும் கேட்கவே, 2006இல் பாடங்களைப் பதிவுசெய்து யூடியூபில் ஏற்றினார். நேரில் சொல்லித் தருவதைவிடக் காணொளியில் கேட்பதே தங்களுக்குப் பிடித்திருக்கிறது என்று அந்தப் பிள்ளைகள் சொன்னதை அவர் 2011இல் டெட் என்ற உரை மேடையில் நினைவுகூர்ந்தார். காரணம் எளியது. நேரில் இருப்பவரிடம் மூன்றாம் முறை "புரியவில்லை" என்று சொல்லப் பிள்ளைக்குக் கூச்சம். காணொளியை முப்பது முறை பின்னோக்கி ஓட்டினாலும் அது முகம் சுளிக்காது.

ஒருவருக்கு ஒருவர் கற்பிப்பதன் வலிமையைப் பெஞ்சமின் புளூம் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1984இல் எழுதிய கட்டுரை உலகறியச் செய்தது. தனியே ஆசிரியர் வைத்துக்கொண்டு, ஒரு பகுதியைத் தேறிய பிறகே அடுத்த பகுதிக்குச் சென்ற சராசரி மாணவர், வழக்கமான வகுப்பில் படித்தவர்களில் 98 விழுக்காட்டினரைவிட மேலே நின்றார் என்பது அவர் காட்டிய முடிவு. பின்னர் வந்த ஆய்வுகள் அந்த அளவுக்குப் பெரிய பயனைக் காணவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் அவர் சொன்னதன் அடிப்படை, அதாவது தேறாமல் தாண்டாதே என்பது, நம் ஊர்த் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி என்னும் வாய்ப்பாட்டு ஏடு மனப்பாடமானால்தான் அடுத்த சுவடி என்று இருந்த முறைக்கு அந்நியமானது அன்று. தங்கள் பெயரைப் பார்த்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது.

செய்முறைக்கு வருகிறேன். காணொளியைத் தேடுவதற்கு முன் பிள்ளை நிற்கும் இடத்தைத் தேடுங்கள். அதற்குப் பெரிய தேர்வு வேண்டாம். தவறான விடையே காரணத்தைக் காட்டிக் கொடுக்கும்படி அமைந்த ஐந்தாறு கேள்விகள் போதும். 2/3 + 1/4 என்று கேளுங்கள். 3/7 என்று எழுதும் பிள்ளைக்குப் பின்னம் என்பது இரண்டு தனித்தனி எண்களாகத் தெரிகிறது. –3 – 5 என்று கேளுங்கள். 8 என்று எழுதும் பிள்ளை "கழித்தலும் கழித்தலும் சேர்ந்தால் கூட்டல்" என்ற பெருக்கல் விதியைத் தவறான இடத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறது. –2 என்று எழுதும் பிள்ளைக்கு எண்கோடு மனத்தில் இல்லை. கேள்வி ஒன்று, சறுக்கல் இரண்டு, தர வேண்டிய பாடமும் இரண்டு. 3(x – 2) என்பதை விரித்து எழுதச் சொல்லுங்கள்; 3x – 2 என்று வந்தால் அதற்கு வேறொரு பாடம். எழுதிய பிறகு அருகில் அழைத்து, "இதை எப்படிச் செய்தாய், சொல் பார்ப்போம்" என்று ஒரு நிமிடம் கேட்டுவிட்டால், தாளில் தெரியாததும் தெரிந்துவிடும்.

இதன்பிறகுதான் காணொளி. ஒவ்வொரு சறுக்கலுக்கும் ஐந்தாறு நிமிடத்துக்கு மேற்படாத பாடம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, முழுவதையும் தாங்களே முதலில் பார்த்துவிடுங்கள். 2018இல் வந்த புதிய பாடநூல்களிலிருந்து நம் பாடப்புத்தகங்களில் அச்சாகிவரும் க்யூஆர் குறியீடுகளை, அரசு பாடங்களை ஏற்றிவைக்கும் திக்‌ஷா தளத்தின் வழியே திறந்து பார்த்தாலே சில கிடைக்கும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு ஆறாம் வகுப்புப் பாடத்தைத் தரத் தயங்க வேண்டாம். ஆனால் அது ஆறாம் வகுப்புப் பாடம் என்று அந்தப் பிள்ளையின் காதில் விழவேண்டிய தேவையில்லை.

திருப்பூரிலிருந்து ஒரு தாய்:

நான் ஆசிரியர் இல்லை. பனியன் நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். என் மகன் சென்ற ஆண்டு பத்தாம் வகுப்பு படித்தான். வீட்டில் நான் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன், ஆசிரியைக்குப் பயன்படலாம்.

அவன் இரவில் கைபேசியில் பாடம் பார்க்கிறான் என்பதை முதலில் நான் நம்பவில்லை. ஒருநாள் பின்னால் நின்று கவனித்தேன். முக்கோணவியல் காணொளி ஒன்றில், நான்காவது நிமிடத்தில் வரும் அரை நிமிடத் துண்டை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தான். ஏற்றக் கோணம் எந்தக் கோட்டிலிருந்து எந்தக் கோட்டுக்கு என்று பாடம் எடுப்பவர் படம் வரையும் இடம் அது. ஐந்தாவது முறை பார்த்துவிட்டு, நோட்டில் தானே ஒரு மரமும் ஓர் ஆளும் வரைந்து கோணத்தைக் குறித்தான். மீதிப் பாடத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டி முடித்தான். நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் எந்த ஆசிரியராலும் அவனுக்காக அந்த அரை நிமிடத்தை ஐந்து முறை சொல்லவும் முடியாது, அவனுக்குத் தெரிந்ததை வேகமாகக் கடக்கவும் முடியாது. தனக்கேற்ற பாடம் என்று நீங்கள் எழுதியிருப்பதைப் படித்ததும் எனக்கு அந்த இரவுதான் நினைவுக்கு வந்தது.

ஆனால் எல்லா இரவும் அப்படி இருக்கவில்லை. நோட்டும் பென்சிலும் இல்லாமல் படுத்துக்கொண்டு பார்த்த நாட்களில், "எல்லாம் புரிந்துவிட்டது அம்மா" என்பான். காலையில் அதே கணக்கைக் கொடுத்தால் முதல் வரிக்கு மேல் நகராது. அதனால் ஒரு வழக்கம் ஏற்படுத்தினேன். கணக்கை அவர்கள் திரையில் எழுதியவுடன் காணொளியை நிறுத்திவிட வேண்டும். இவன் நோட்டில் தானாகப் போட்டுப் பார்க்க வேண்டும். பிறகுதான் மேற்கொண்டு ஓட்டவேண்டும். தொடக்கத்தில் சலித்துக்கொண்டான். ஆனால் தன் விடையும் அவர்கள் விடையும் எந்த வரியில் பிரிகின்றன என்று கண்டுபிடிப்பதில் அவனுக்கே ஓர் ஆர்வம் வந்துவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு பாடம் முடிந்ததும் தானாக அடுத்த காணொளி ஓடத் தொடங்கும். அது பாடமாக இருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. தானாக ஓடும் வசதியை அணைத்துவைத்தேன். அதுவும் போதவில்லை என்று தோன்றியதால், தரவிறக்க அனுமதி உள்ள தளங்களிலிருந்து அந்த வாரத்துக்கு வேண்டிய பாடங்களைப் பென் டிரைவில் போட்டுத் தொலைக்காட்சியில் செருகிப் பார்க்கவைத்தேன். இணையம் இல்லாத திரையில் அவன் படித்த அளவு கைபேசியில் படிக்கவில்லை என்பது என் அனுபவம்.

அளவுகோல் (கல்வி ஆய்வுத் துறை, சென்னை):

மேலே தாயார் கூறிய "எல்லாம் புரிந்துவிட்டது" என்ற சொல்லுக்குப் பின்னால் நன்கு ஆராயப்பட்ட ஓர் உண்மை இருக்கிறது. டெரெக் முல்லர் என்பவர் சிட்னி பல்கலைக்கழகத்தில் 2008இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வு, இயற்பியல் காணொளிகளைப் பற்றியது. தெளிவாக, நேராக விளக்கிய காணொளியைப் பார்த்த மாணவர்கள், புரிந்தது என்றும் எளிதாக இருந்தது என்றும் சொன்னார்கள். ஆனால் தேர்வில் அவர்களிடம் பெரிய முன்னேற்றம் இல்லை. தாங்கள் ஏற்கெனவே தவறாக நம்பியிருந்ததையே காணொளி சொல்வதாக அவர்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாணவர்களிடம் பரவலாக உள்ள தவறான எண்ணத்தை முதலில் ஒருவர் வாயால் சொல்லவைத்து, பிறகு உரையாடலாக அதைத் திருத்திய காணொளி, குழப்பமாக இருந்தது என்று பார்த்தவர்கள் சொன்னபோதும், அதிகம் கற்பித்தது. ஆகவே காணொளியைத் தேர்ந்தெடுக்கும்போது, 3/7 என்ற தவறான விடையைத் திரையில் எழுதிக் காட்டி, அது ஏன் தவறு என்று பேசும் பாடம் கிடைத்தால் அதை விடாதீர்கள். பளபளப்பான அசைவூட்டங்களைவிட அது மதிப்புடையது.

காணொளியின் நீளத்தைப் பற்றி ஐயா குறிப்பிட்டதற்கும் சான்று உண்டு. எட்எக்ஸ் என்ற இணையக் கல்வித் தளத்தின் நான்கு பாடநெறிகளில் 69 இலட்சம் பார்வை அமர்வுகளை ஆராய்ந்து 2014இல் வெளிவந்த ஆய்வு, ஆறு நிமிடத்துக்கு மேற்பட்ட காணொளிகளில் மாணவர்களின் ஈடுபாடு விரைவில் குறைந்துவிடுவதைக் காட்டியது. அவர்கள் தாமாக விரும்பிச் சேர்ந்தவர்கள்; அவர்களுக்கே ஆறு நிமிடம் என்றால், ஒன்பதாம் வகுப்புக்கு 22 நிமிடம் மிக அதிகம்.

நம் நாட்டில் இந்தக் கேள்விக்கு மிக நெருங்கி வரும் ஆய்வு டெல்லியில் நடந்தது. கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹாந்திரோ கனிமியன் ஆகியோர் செய்து 2019இல் வெளியிட்டது. பள்ளி நேரத்துக்குப் பின் இயங்கிய மையங்களில், ஒவ்வொரு பிள்ளையின் நிலையையும் கணித்து அதற்கேற்ற கேள்விகளையும் விளக்கங்களையும் தரும் மென்பொருளைக் குலுக்கல் முறையில் தேர்வான மாணவர்கள் பயன்படுத்தினார்கள். ஆறாம் வகுப்பில் சேர்ந்திருந்தவர்களின் கணித நிலை சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தது என்பது அவர்கள் முதலில் கண்ட செய்தி. வகுப்பறையில் ஆறாம் வகுப்புப் பாடம் நடந்துகொண்டிருக்க, அந்தப் பிள்ளைகளுக்குத் தேவைப்பட்டது மூன்றாம், நான்காம் வகுப்புப் பாடம். நாலரை மாதங்களில் கணிதத்திலும் இந்தியிலும் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. முன்னேறிய அளவு எல்லா நிலையினருக்கும் ஏறத்தாழ ஒன்றே; ஆனால் வழக்கமான வகுப்பில் ஏறக்குறைய எதுவுமே கற்காமல் இருந்த பின்தங்கியவர்களுக்கு, ஒப்பீட்டளவில் அந்தப் பயன் மிகப் பெரிது.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். அது வெறும் காணொளியின் வெற்றி இல்லை. ஒன்றரை மணி நேர அமர்வில் பாதி நேரம் கணினி. மறுபாதி ஓர் ஆள் சிறு குழுவோடு உட்கார்ந்து கற்பித்தது. வாரத்துக்கு ஆறு நாள். இலவசக் காணொளியில் அந்த மென்பொருளின் வேலையைச் செய்ய, அதாவது பிள்ளை எங்கே நிற்கிறது என்று பார்த்து அடுத்ததை எடுத்துத் தர, யாரும் இல்லை. எங்கள் துறையில் "ஒவ்வொருவருக்கும் ஏற்ற கல்வி" என்று விளம்பரம் செய்யும் பலர் அந்த வேலையை யார் செய்வார்கள் என்பதைச் சொல்வதே இல்லை. அது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருவது. தங்கள் வகுப்பில் அதைத் தாங்கள்தான் செய்யவேண்டியிருக்கும்.

எண்சுவடி:

மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. ஐயா சொன்னபடி ஆறு கேள்விகள் தயாரித்து வைத்தேன். நான் "சுமார்" என்று கணக்கிட்டிருந்த ஏழு பேர் பின்னத்தை நன்றாகச் செய்திருந்தார்கள். குறை எண்களில்தான் விழுந்திருந்தார்கள். இத்தனை நாளாக இவர்களுக்குப் பாடம் எடுத்தும் இது எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. இப்போது என் ஐயம் நேரத்தைப் பற்றியது. பதினொரு கணினி, 38 பிள்ளைகள். கைபேசி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் பின்னும் பின்தங்கிவிடுவார்களோ என்று அஞ்சுகிறேன்.

மலையடிவாரம் (ஆசிரியர், சத்தியமங்கலம் பகுதி):

அம்மா, அந்த அச்சம் முழுவதும் நியாயமானது. எங்கள் பிள்ளைகளின் வீட்டில் இருக்கும் ஒரே கைபேசி தந்தையோடு வேலைக்குப் போய் இரவு எட்டு மணிக்குத்தான் திரும்புகிறது. அதில் சார்ஜ் இருக்காது, பல நாள் டேட்டாவும் இருக்காது. வீட்டில் பார்த்துவிட்டு வா, வகுப்பில் கணக்குப் போடலாம் என்ற முறை பெரிதும் பேசப்படுகிறது. அமெரிக்காவின் கொலராடோவில் ஜொனாதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் என்ற இரண்டு வேதியியல் ஆசிரியர்கள், விளையாட்டுப் போட்டிகளுக்காகவும் மற்ற காரணங்களுக்காகவும் வகுப்பைத் தவறவிட்ட மாணவர்களுக்காக 2007 வாக்கில் பாடங்களைப் பதிவுசெய்யத் தொடங்கியதிலிருந்து அது பரவியது. அதை இங்கே அப்படியே கொண்டுவந்தால், கைபேசி உள்ள வீட்டுக்கு ஒரு பள்ளி, இல்லாத வீட்டுக்கு ஒரு பள்ளி என்று ஆகிவிடும். ஆகவே பார்ப்பதும் பள்ளியிலேயே நடக்கட்டும் என்று முடிவு செய்தேன்.

ஒரு கணினிக்கு ஒரு பிள்ளை என்று நினைக்காதீர்கள். மூன்று பேர் ஒரு திரை முன்னால் உட்காரட்டும். ஆனால் மூவருக்கும் ஒரே சறுக்கலாக இருக்கட்டும். ஒருவன் கையில் சுட்டி, ஒருத்தி கையில் பென்சில், மூன்றாவது பிள்ளைக்கு "நிறுத்து" என்று சொல்லும் உரிமை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ள வேண்டும். நிறுத்தச் சொன்ன பிள்ளை ஏன் நிறுத்தச் சொன்னது என்று கூறியாக வேண்டும். அந்த ஒரு விதியால், வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகள் பேசத் தொடங்கினார்கள். அவர்கள் திரையோடு இருக்கும் அந்தப் பதினைந்து இருபது நிமிடம் எனக்குக் கிடைத்த புதையல். நான்கு பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவர்கள் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே கற்பிக்க அதற்கு முன் எனக்கு வாய்த்ததே இல்லை.

பொருத்தமான காணொளி கிடைக்காத இடங்களில் நானே எடுத்துக்கொள்கிறேன். இரண்டு முக்காலிகளுக்கு இடையே ஒரு மரச்சட்டத்தை வைத்து, அதில் கைபேசியைக் கீழ்நோக்கிக் கட்டி, அடியில் நோட்டை வைத்து எழுதிக்கொண்டே பேசுவேன். முகம் தெரியாது, கையும் குரலும் மட்டும். குறை எண்களுக்கு நான் எடுத்த பாடம், கடையில் அப்பா பெயரில் எழுதியிருக்கும் கடனைப் பற்றியது. 3 ரூபாய் கடன் இருக்கும்போது மேலும் 5 ரூபாய்க்குக் கடனாக வாங்கினால் எவ்வளவு கடன் என்று கேட்டால், 8 ரூபாய் மிச்சம் என்று ஒரு பிள்ளையும் சொல்வதில்லை. தொலைவிலிருந்து பாடம் எடுப்பவருக்கு எங்கள் ஊர்க் கடையில் கடன் நோட்டு இருப்பது தெரியாது, எனக்குத் தெரியும்.

வன்னி மண் (கணித ஆசிரியர், கிளிநொச்சி):

ஆசிரியைக்கு அன்பு வணக்கம். மொழி சார்ந்த ஒன்றை மட்டும் சொல்ல விரும்புகிறேன். எங்கள் பிள்ளைகள் யூடியூபில் தமிழகத்துக் கணிதப் பாடங்களையும் பார்க்கிறார்கள். தமிழ்தானே என்று நானும் கவலையற்று இருந்தேன். ஒருநாள் மாணவன் ஒருவன், "மீ.சி.ம. என்பது புதிய பாடமா, சேர்?" என்று கேட்டான். நீங்கள் மீச்சிறு பொது மடங்கு என்பதை நாங்கள் பொது மடங்குகளுட் சிறியது, பொ.ம.சி. என்கிறோம். உங்கள் வடிவியல் எங்களுக்குக் கேத்திரகணிதம்; உங்கள் முக்கோணவியல் எங்களுக்குத் திரிகோணகணிதம். தெரிந்த ஒன்றையே தெரியாதது என்று எண்ணி அவன் ஒரு மாலை முழுவதும் மலைத்துப் போயிருந்தான்.

அதன்பிறகு காணொளியோடு ஒரு சிறு தாளும் கொடுக்கிறேன். அவர்கள் சொல்லும் சொல், நாம் சொல்லும் சொல் என்று இரண்டு நிரல்கள். எங்கள் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் எங்கள் கலைத்திட்டத்துக்குரிய பாடங்கள் உண்டு. ஆனால் பிள்ளைகள் தேடும்போது முதலில் வந்து நிற்பது அதுவாக இருப்பதில்லை. ஆங்கில வழியில் எடுக்கப்பட்ட பாடங்களை உங்கள் தமிழ்வழிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போதும் இத்தகைய தாள் உதவும் என்று நினைக்கிறேன்.

எண்சுவடி (ஆறு வாரங்களுக்குப் பின்):

நடந்ததை எழுதாமல் இருப்பது நன்றியாகாது என்பதால் மீண்டும் வருகிறேன்.

பதினான்கு சிறு காணொளிகளைத் தேர்ந்தெடுத்து எல்லாக் கணினிகளிலும் ஏற்றினேன். அவற்றுக்கு வகுப்பு எண் போடாமல் மல்லி, செம்பருத்தி, நொச்சி என்று செடிப் பெயர்கள் வைத்தேன். வாரத்தில் இரண்டு பாடவேளை ஆய்வகத்தில், மூவர் மூவராக. ஒவ்வொரு காணொளிக்கும் பிறகு மூன்று கணக்குகள் கொண்ட சீட்டு; மூன்றும் சரியானால் அடுத்த செடி, இல்லையென்றால் என்னிடம் வரவேண்டும். வேகமாகப் போகும் ஐந்து பேர் பத்தாம் வகுப்பின் ஆயத்தொலை வடிவியலுக்குள் நுழைந்துவிட்டார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இப்போது நான் வீட்டில் தயாரித்துக்கொண்டு போகிறேன்.

24.5 என்று எழுதிய மாணவி பின்னக் காணொளியை இரண்டு முறை பார்த்தாள். சீட்டில் மறுபடியும் மேலேயும் கீழேயும் கூட்டியிருந்தாள். அவளை அருகில் உட்கார வைத்து, பன்னிரண்டு கட்டங்கள் கொண்ட தாள் பட்டை ஒன்றைக் கொடுத்து, மூன்றில் ஒரு பங்கையும் நான்கில் ஒரு பங்கையும் வண்ணம் தீட்டச் சொன்னேன். நான்கு கட்டம், மூன்று கட்டம். எண்ணிப் பார்த்து ஏழு என்றாள். "எத்தனையில் ஏழு?" என்று கேட்டேன். நெடுநேரம் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பன்னிரண்டில் என்றாள். பிறகு அவளாகவே எழுந்து போய் அதே காணொளியை மூன்றாம் முறை போட்டுப் பார்த்தாள். இம்முறை இடையில் நிறுத்தி, "இவரும் பன்னிரண்டுதான் போடுகிறார்" என்று தன் குழுவுக்குக் காட்டினாள். சென்ற வாரம் அந்தப் பழைய சமன்பாட்டை மறுபடி கொடுத்தேன். 4x + 3x = 84 என்று எழுதியிருந்தாள்.

மூன்று பிள்ளைகள் மட்டும் முதல் செடியிலேயே நிற்கிறார்கள். காணொளியில் சொல்வது அவர்களுக்குப் புரிகிறது. சீட்டில் உள்ள கேள்வியை வாசிக்கத்தான் முடியவில்லை. எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் கணக்கு மனத்தை விட்டுப் போய்விடுகிறது. இவர்களுக்கு வேண்டியது கணிதப் பாடமா, வாசிப்புப் பாடமா, இரண்டையும் எந்த வரிசையில் தருவது என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. மலையடிவாரம் ஐயாவைப் போல, சீட்டில் உள்ள கேள்விகளை நானே மெதுவாகப் படித்துப் பதிவுசெய்து கொடுக்கலாமா என்று யோசிக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் இப்படிப்பட்ட பிள்ளைகளோடு வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால், நீங்கள் எங்கிருந்து தொடங்கினீர்கள் என்று எழுதுங்கள்.